பிஎம்ஓ: ரெண்டரை வருஷம் உள்ள இருந்து யூஸ் பண்ணவனோட ரிவ்யூ (5க்கு 3½)

மிக்ஸிக்கு ரிவ்யூ எழுதுறாங்க, போன் கவருக்கு கூட நாலு பாரா எழுதுறாங்க, ஆனா வாரத்துக்கு அஞ்சு மணி நேரம் என்கிட்ட இருந்து பிடுங்கிக்கிற ஒரு சர்வீஸுக்கு உருப்படியா ஒரு ரிவ்யூ நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. பிஎம்ஓ, அதாவது ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் ஆபீஸ், கம்பெனில ஓடுற எல்லா ப்ராஜெக்ட்டையும் ஒரே இடத்துல இருந்து கவனிக்கிற டிபார்ட்மென்ட். வாங்குனது மேனேஜ்மென்ட், யூஸ் பண்றது நாங்க, அதனால இத காசு குடுத்தவன் எழுதுன ரிவ்யூவா படிக்காதீங்க, மாட்டிக்கிட்டவன் எழுதுனதுன்னு நெனச்சு படிங்க.

நான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில ப்ராஜெக்ட் மேனேஜர், ஒரே சமயத்துல ரெண்டு மூணு ப்ராஜெக்ட் கைல இருக்கும், மொத்த கம்பெனிக்கும் எப்பவும் ஒரு 30 ஓடும். பிஎம்ஓ வர்றதுக்கு முன்னாடி ஆளாளுக்கு ஒரு எக்ஸெல், ஆளாளுக்கு ஒரு கணக்கு, என் ஷீட்ல "80% முடிஞ்சது"ன்னா கோடிங் முடிஞ்சதுன்னு அர்த்தம், பக்கத்து சீட்காரர் ஷீட்ல அதே 80%ன்னா டிசைன் டாக்குமென்ட் அப்ரூவ் ஆயிடுச்சுன்னு அர்த்தம். மேல இருக்குறவங்களுக்கு எந்த ப்ராஜெக்ட் எங்க நிக்குதுன்னு தலையும் புரியல வாலும் புரியல, அதனால வெளியில இருந்து ஒரு கன்சல்டிங் கம்பெனிய (பேரு வேண்டாம்) கூட்டிட்டு வந்து பிஎம்ஓ செட்டப் பண்ணாங்க.

இதுல ரகம் இருக்குன்னு வாங்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். 1969ல ஆரம்பிச்ச பிஎம்ஐ (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட்) தன்னோட பிம்பாக் கைடுங்கிற ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் புத்தகத்தோட 5வது எடிஷன்ல (2013) மூணா பிரிச்சு வெச்சிருக்கு. ஒண்ணு சப்போர்ட்டிவ், டெம்ப்ளேட் குடுக்கும், கேட்டா சொல்லிக்குடுக்கும், கேக்கலைன்னா பேசாம இருக்கும். ரெண்டாவது கன்ட்ரோலிங், இந்த மெத்தட்லதான் பண்ணணும் இந்த ஃபார்ம்லதான் குடுக்கணும்னு நிக்கும். மூணாவது டைரக்டிவ், ப்ராஜெக்ட் மேனேஜருங்களே பிஎம்ஓவோட ஆளுங்களா ஆயிடுவாங்க, ப்ராஜெக்ட்ட அதுவே நடத்தும். எங்களுக்கு டெமோல காட்டுனது முதல் ரகம், டெலிவரி ஆனது ரெண்டாவது ரகம். "உங்களுக்கு உதவி பண்ண வந்திருக்கோம்"னு கிக்ஆஃப்ல சொன்னாங்க, அடுத்த திங்கக்கிழமை 14 டெம்ப்ளேட் மெயில்ல வந்துச்சு.

முதல் ஆறு மாசம் சத்தியமா 1 ஸ்டார்தான். என்கிட்ட அப்ப ஒரு சின்ன வேலை இருந்துச்சு, ஒரு ரிப்போர்ட் ஸ்கிரீன மாத்துறது, மூணு பேரு, ஆறு வாரம். அதுக்கும் சார்ட்டர், ஸ்கோப் ஸ்டேட்மென்ட், ஸ்டேக்ஹோல்டர் ரிஜிஸ்டர், கம்யூனிகேஷன் பிளான்னு 14ம் ஃபில் பண்ணணுமாம். கம்யூனிகேஷன் பிளான்ல என்னத்த எழுதுறது, மூணு பேரும் ஒரே டேபிள்ல உக்காந்திருக்கோம், திரும்பி பேசுவோம்னு எழுதவா? கடைசில பழைய ப்ராஜெக்ட்டோடத காப்பி பண்ணி பேரு மட்டும் மாத்தி குடுத்தேன், ஒரு இடத்துல பழைய கிளையன்ட் பேரு அப்படியே நின்னுடுச்சு, அதையும் சேத்து அப்ரூவ் பண்ணி அனுப்புனாங்க. அன்னைக்குதான் இத யாரும் படிக்கறதில்லன்னு கன்ஃபார்ம் ஆச்சு. ஏட்டுச் சுரைக்காய்னு சும்மாவா சொன்னாங்க.

அடுத்தது கலர் விவகாரம், இத கொஞ்சம் விலாவாரியா சொல்லணும், ஏன்னா பிஎம்ஓ கெட்டுப்போற இடமே இதுதான்னு எனக்கு தோணுது. வாரா வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு ஸ்டேட்டஸ் கால். ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் ஒரு கலர், பச்சைன்னா எல்லாம் சரி, ஆம்பர் (மஞ்சள் மாதிரி) போட்டா கொஞ்சம் சிக்கல், சிவப்புன்னா பெரிய சிக்கல். ஒரு வாரம் நான் நியாயமா ஆம்பர் போட்டேன், கிளையன்ட் சைடுல டெஸ்ட் என்விரான்மென்ட் ரெடியாகல, பத்து நாள் தள்ளிப்போற மாதிரி இருந்துச்சு. கால் முடிஞ்சதும் பிஎம்ஓ கோஆர்டினேட்டர் தம்பி தனியா போன் பண்ணாரு. "அண்ணா, ஆம்பர் போட்டா மறுபடி பச்சைக்கு எப்படி வருவீங்கன்னு ரெண்டு பக்கம் எழுதணும், நாளைக்கு ஸ்டியரிங் கமிட்டில வேற வந்து நிக்கணும்."

"சரி தம்பி, பச்சை போட்டா?"

"பச்சைன்னா ஒண்ணும் வேணாம்ணா."

அவரு தப்பான ஆளு இல்ல, என் மேல அக்கறைலதான் சொன்னாரு. ஆனா கணக்கு என்ன ஆகுதுன்னு பாருங்க, உண்மைய சொன்னா ரெண்டு பக்கம் ஹோம்வொர்க், மறைச்சா ஃப்ரீ. நானும் மனுஷன்தானே, அடுத்த வாரம் பச்சை போட்டேன். எல்லாரும் அப்படித்தான் போட்டிருப்பாங்க போல, அந்த மாசம் டாஷ்போர்ட திறந்தா நடவு முடிஞ்ச வயக்காடு மாதிரி ஒரே பச்சை, அதுல ரெண்டு ப்ராஜெக்ட் உள்ளுக்குள்ள நாறிக்கிட்டு இருந்தது டீம்ல எல்லாருக்கும் தெரியும். இந்த ஃபீல்டுல இதுக்கு வாட்டர்மெலன் ஸ்டேட்டஸ்னே பேரு, வெளிய பச்சை, வெட்டுனா சிவப்பு.

இங்க ஒரு பழைய கதை சொல்லிக்கிறேன், சம்பந்தம் இருக்கு. சார்ட் போட்டு ப்ராஜெக்ட்ட கண்காணிக்கிற ஆபீஸ்னு சொன்னா எல்லாரும் கை காட்டுறது அமெரிக்க கடற்படையோட போலாரிஸ் ஏவுகணை திட்டத்த. 1955 கடைசில அதுக்குன்னே ஸ்பெஷல் ப்ராஜெக்ட்ஸ் ஆபீஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அங்கதான் 1958ல பெர்ட் சார்ட் பொறந்துச்சு, எந்த வேலை முடிஞ்சா எத ஆரம்பிக்கலாம்னு கோடு போட்டு காட்டுற படம். 1960 ஜூலைல தண்ணிக்கு அடியில இருந்த நீர்மூழ்கில இருந்து ஏவுகணைய விட்டும் காட்டிட்டாங்க, உடனே பெர்ட்டுக்கு உலகம் பூரா பேரு. அப்புறம் ஹார்வி சபோல்ஸ்கின்னு ஒருத்தர் அந்த திட்டத்த உக்காந்து ஆராய்ஞ்சு 1972ல எழுதுனாரு, அந்த சார்ட்டுங்களால ஏவுகணை சீக்கிரம் வந்துச்சுங்கிறத விட, வெளி ஆளுங்க மூக்க நுழைக்காம தள்ளி நிக்க வெச்சதுலதான் அதுங்களோட பங்கு ஜாஸ்தின்னு. இத படிச்சப்ப எனக்கு சிரிப்பு வந்துச்சு. அங்க சார்ட்டு இன்ஜினியர காப்பாத்தியிருக்கு, எங்க ஆபீஸ்ல சார்ட்ட காப்பாத்த இன்ஜினியர் உக்காந்திருந்தாரு.

டாஷ்போர்டுல இன்னொரு அழகு எஸ்பிஐ நம்பர், பேங்க் இல்ல, ஷெட்யூல் பெர்ஃபார்மன்ஸ் இண்டெக்ஸ். செஞ்சு முடிச்ச வேலையோட பட்ஜெட் மதிப்ப, இந்த தேதிக்குள்ள முடிஞ்சிருக்க வேண்டிய வேலையோட பட்ஜெட் மதிப்பால வகுத்தா வர்றது, 1க்கு மேலன்னா முந்தி ஓடுறோம், கீழன்னா பிந்தி ஓடுறோம். கேக்க நல்லாத்தான் இருக்கு. என்னோட ஒரு ப்ராஜெக்ட், 10 மாசம்னு பிளான், முடிஞ்சது 13 மாசத்துல, நல்ல லேட்டு. கடைசி ரிப்போர்ட்ல எஸ்பிஐ 1.00, பக்கத்துல பச்சை டிக். கன்சல்டன்ட் மீட்டிங்ல "ஷெட்யூல் பெர்ஃபார்மன்ஸ் எக்ஸலன்ட்"னு சொல்றாரு, எனக்கு எங்க பாக்குறதுன்னே தெரியல, கிளையன்ட் முந்தின நாள்தான் லேட்டுக்கு என்னை வறுத்து எடுத்திருந்தாரு. ஏன் அப்படின்னா, வேலை முழுசும் முடிஞ்சிட்டா மேல இருக்குறதும் மொத்த பட்ஜெட், கீழ இருக்குறதும் மொத்த பட்ஜெட், வகுத்தா 1தான் வரும், நீங்க மூணு மாசம் லேட்டானாலும் சரி மூணு வருஷம் லேட்டானாலும் சரி. இந்த ஓட்டைய அடைக்க வால்ட் லிப்கேன்னு ஒருத்தர் 2003லயே ஏர்ன்டு ஷெட்யூல்னு ஒரு முறை குடுத்துட்டாரு, காசுக்கு பதிலா காலத்த வெச்சு கணக்கு போடுறது, அப்படி பாத்தா என் ப்ராஜெக்ட் 10ஐ 13ஆல வகுத்து 0.77. அந்த நம்பர போட்டிருந்தா நானே கைதட்டியிருப்பேன். டூல் வாங்க பணம் இருந்துச்சு, டூல் காட்டுற நம்பருக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்ச ஆளு இல்ல.

இப்படியே போயிருந்தா இந்த ரிவ்யூ இங்கயே முடிஞ்சிருக்கும். ஒரு வருஷம் கழிச்சு கன்சல்டன்ட் கான்ட்ராக்ட் முடிஞ்சு கிளம்பிட்டாங்க, எங்க டெலிவரி சைடுல பல வருஷம் அடிபட்ட ஒரு மேடம பிஎம்ஓவுக்கு ஹெட்டா போட்டாங்க. வந்த முதல் வாரத்துலயே 14 டெம்ப்ளேட்ல 10ஐ தூக்குனாங்க, சின்ன வேலைக்கு ஒரு பக்கம் போதும்னுட்டாங்க. பச்சை இல்லன்னா ரெண்டு பக்கம் எழுதணுங்கிற ரூல மாத்தி, சிவப்பு போட்டா பிஎம்ஓ ஆளே வந்து கூட உக்காந்து எழுதித் தருவாங்கன்னாங்க, அதே மாசம் டாஷ்போர்டுல ஏழு சிவப்பு. மேல பயந்துட்டாங்களாம், திடீர்னு என்ன ஆச்சுன்னு. ஒண்ணும் ஆகல, இருந்தது வெளிய தெரிஞ்சுச்சு அவ்வளவுதான்.

ஆனா எனக்கு நெஜமா மனசு மாறுனது ஒரு டிபிஏ (டேட்டாபேஸ பாத்துக்குற ஆளு) விஷயத்துல. எங்க கம்பெனில டேட்டா மைக்ரேஷன் தெரிஞ்ச டிபிஏ ஒரே ஆளு, எல்லாருக்கும் அவரு வேணும். என் ப்ராஜெக்ட்டுக்கு 40% அவரு வர்றதா பிளான்ல இருக்கு, ஆனா வர மாட்டேங்குறாரு, நான் அவரு மேல காண்டுல இருக்கேன், ரெண்டு தடவை மேனேஜர சிசில போட்டு மெயில் கூட அடிச்சிட்டேன். மேடம் ஒரு நாள் நாலு ப்ராஜெக்ட் மேனேஜர்களையும் அந்த டிபிஏவையும் ஒரே ரூம்ல உக்கார வெச்சாங்க. போர்டுல எழுத ஆரம்பிச்சாங்க, என்னோடது 40, அடுத்தவரு 30, அப்புறம் ஒரு 30, கடைசில ஒருத்தர் 50. கூட்டி கீழ 150ன்னு எழுதிட்டு மார்க்கர மூடி வெச்சிட்டு எங்களையே பாத்தாங்க. யாரும் வாய தொறக்கல. டிபிஏ மட்டும் மெதுவா "மேடம், இதுல லீவு கணக்கு இல்ல"ன்னாரு.

நாலு பேரும் அவங்கவங்க பிளான்ல பொய் சொல்லல, நாலு பிளானும் தனித்தனியா பாத்தா சரிதான், சேத்து பாக்க ஒரு ஆளு இல்லாததுதான் பிரச்சனை. பிஎம்ஓன்னு ஒண்ணு எதுக்குன்னு கேட்டா நான் இப்ப இதத்தான் சொல்லுவேன், என் ப்ராஜெக்ட்ட என்ன விட நல்லா பாக்க அவங்களால முடியாது, ஆனா என் ப்ராஜெக்ட்டுக்கும் பக்கத்து ப்ராஜெக்ட்டுக்கும் நடுவுல நடக்குறத என்னால பாக்க முடியாது. அன்னைக்கு அதோட விடல, எந்த ப்ராஜெக்ட் முன்னாடி எது பின்னாடின்னு முடிவு பண்ற வேலைய எங்க தலைல கட்டாம, நேரா சிஓஓகிட்ட (கம்பெனியோட அன்றாட வேலைங்களுக்கு தலைமை அதிகாரி) எடுத்துட்டு போயி ரெண்டே நாள்ல வரிசை வாங்கிட்டு வந்தாங்க. என் ப்ராஜெக்ட் மூணாவது. எரிச்சலாத்தான் இருந்துச்சு, ஆனா அஞ்சு வாரம் தள்ளிப்போகும்னு அன்னைக்கே கிளையன்ட்கிட்ட சொல்ல முடிஞ்சுது, கடைசி வாரத்துல போய் தலைய சொறியல. அந்த டிபிஏகிட்ட நான் தனியா போய் சாரி கேட்டேன், அது வேற கதை.

இன்னொண்ணு, ப்ராஜெக்ட்ட நிறுத்துறது. ஆரம்பிக்க ஆயிரம் பேரு வருவாங்க, நிறுத்த யாரும் வர மாட்டாங்க, பூனைக்கு யாரு மணி கட்டுறதுன்னு எல்லாரும் சும்மா இருப்பாங்க. ஒரு உள் ப்ராஜெக்ட் ஒண்ணு, ஒன்றரை வருஷமா ஓடிக்கிட்டே இருந்துச்சு, எட்டு பேரு அதுல. போர்ட்ஃபோலியோ ரிவ்யூல மேடம் கேட்டது ஒரே கேள்வி, "இதுக்கு ஸ்பான்சர் யாரு?" பாத்தா ஸ்பான்சர், அதாவது இந்த ப்ராஜெக்ட் வேணும்னு பின்னாடி நின்னவரு, ஆறு மாசம் முன்னாடியே கம்பெனிய விட்டு போயிட்டாரு, அவரு எடத்துல வந்தவருக்கு இப்படி ஒண்ணு ஓடுறதே தெரியாது. முடிச்சா யாருக்கு என்ன லாபம்னு கேட்டதுக்கும் யாரும் பதில் சொல்லல. மூணு வாரத்துல மூடிட்டாங்க, எட்டு பேருல ரெண்டு பேரு என்கிட்ட வந்தாங்க. பிஎம்ஓவால என்ன பிரயோஜனம்னு நம்பர் கேக்குறவங்க முதல்ல இத எழுதிக்கலாம்.

எஸ்டிமேட்லயும் உதவி கெடச்சுது. நாம போடுற எஸ்டிமேட் எப்பவும் எல்லாம் நல்லபடியா நடக்கும்னு நெனச்சு போடுறதுதான், கானெமன், ட்வெர்ஸ்கின்னு ரெண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளருங்க 1979லயே இதுக்கு பிளானிங் ஃபாலஸின்னு பேரு வெச்சுட்டாங்க, மருந்தும் சொன்னாங்க, உன் வேலைய மட்டும் பாத்து கணக்கு போடாத, இதே மாதிரி முன்னாடி நடந்த வேலைங்க எவ்வளவு இழுத்துச்சுன்னு பாருன்னு. ஆனா அந்த பழைய கணக்கு யாருகிட்ட இருக்கும்? தனி ஆளா என்கிட்ட இருக்காது, பிஎம்ஓகிட்டதான் இருக்கும். முடிஞ்ச ப்ராஜெக்ட்டையெல்லாம் எடுத்து அவங்க ஒரு ஷீட் போட்டுக் காட்டுனாங்க, யூசர் டெஸ்டிங்க்கு எல்லாரும் போடுறது மூணு வாரம், ஆகுறது அஞ்சு ஆறு வாரம், எல்லா தடவையும். நான் உட்பட. இப்ப நான் அஞ்சு போடுறேன், கிளையன்ட் ஏன்னு கேட்டா அந்த ஷீட்ட காட்டுறேன்.

மைனஸ் இல்லாமலா. டைம்ஷீட் ஒரு சிஸ்டத்துல, பிளான் இன்னொரு சிஸ்டத்துல, ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, அதனால ஒரே மணி நேரத்த ரெண்டு தடவை அடிக்கணும், இது ரெண்டரை வருஷமா கம்ப்ளெயின்ட்ல இருக்கு. முடிஞ்ச ப்ராஜெக்ட்ல கத்துக்கிட்டத எழுதி வெக்கிற லெசன்ஸ் லேர்ன்ட் ஃபோல்டர் ஒண்ணு இருக்கு, கெணத்துல போட்ட கல்லு, நானே நாலு டாக்குமென்ட் போட்டிருக்கேன், நானே இன்னும் ஒண்ணு கூட திறந்து படிக்கல. ரிஸ்க் ரிஜிஸ்டர்ல 30 ப்ராஜெக்ட்டுக்கும் முதல் வரி "முக்கியமான ஆள் விட்டுட்டு போயிடலாம்", ரெண்டாவது வரி "ரிக்வயர்மென்ட் மாறலாம்", இத எழுத ரிஜிஸ்டர் எதுக்கு.

ஸ்பிரின்ட்ல, அதாவது வேலைய ரெண்டு ரெண்டு வாரமா பிரிச்சு ஓடுற டீமுங்கள பிஎம்ஓவுக்கு இன்னும் சரியா கையாளத் தெரியல. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வேலை செய்யுற சாஃப்ட்வேர் கைல குடுக்குற டீம்கிட்ட போய் "எத்தனை பர்சன்ட் முடிஞ்சிருக்கு"ன்னு கேட்டா என்ன சொல்லுவாங்க. ஒரு மாசம் எல்லா டீமோட ஸ்டோரி பாயின்ட்டையும் (ஒரு வேலை எவ்வளவு பெருசுன்னு டீமே போட்டுக்குற நம்பர்) பக்கத்துல பக்கத்துல வெச்சு பார் சார்ட் போட்டாங்க, எந்த டீம் ஜாஸ்தின்னு. ஒரு டீமோட 5 இன்னொரு டீமோட 5 கிடையாது, அது அவங்கவங்க அளவுகோல். அடுத்த ஸ்பிரின்ட்லயே எல்லா டீமோட பாயின்ட்டும் ஏறிடுச்சு, வேலை அதேதான். மேடம்கிட்ட சொன்னதும் அந்த சார்ட் போயிடுச்சு, ஆனா அத போடலாம்னு யோசிச்சாங்களேங்கிறது உறுத்துது.

இத உங்க கம்பெனிக்கு வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு. மூணு நாலு ப்ராஜெக்ட், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி டீம்னா வேண்டாம், ஒரு பொது ஷீட்டும் வாரம் அரை மணி நேரமும் போதும். ஒரே ஆளுங்கள பல ப்ராஜெக்ட் பங்கு போட்டுக்குதுன்னா வாங்கலாம், வாங்கும்போது என்ன வேலைக்குன்னு ஒரு பக்கத்துல எழுதி வாங்குங்க. ஏன் சொல்றேன்னா ஹாப்ஸ், ஆப்ரின்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 500 பிஎம்ஓவ எடுத்து பாத்து 2007ல வெளியிட்டாங்க, அதுங்க பண்ற வேலைன்னு 27 வந்துச்சு, ஒரு பிஎம்ஓ மாதிரி இன்னொண்ணு இல்ல. நீங்க ஒண்ண நெனச்சு பிஎம்ஓன்னு சொல்லுவீங்க, வர்றவங்க வேற ஒண்ண நெனச்சு சரின்னு தலையாட்டுவாங்க, எங்களுக்கு நடந்தது அதான். அப்புறம் ஹெட்டா வர்றவங்க ஒரு தடவையாவது ப்ராஜெக்ட் நடத்தி, அதுல மூக்க உடைச்சுக்கிட்டவங்களா இருக்கட்டும். சர்டிஃபிகேட் பக்கத்துல வெச்சுக்கலாம், வேணாம்னு சொல்லல, நானே பிஎம்பி (பிஎம்ஐ குடுக்குற சர்டிஃபிகேட்) வெச்சிருக்கேன்.

யாருக்கு கீழ வெக்கிறீங்கன்னும் பாருங்க. எங்களோடது சிஓஓவுக்கு கீழ இருக்கு, அதனாலதான் அந்த டிபிஏ வரிசை ரெண்டு நாள்ல கெடச்சுது. ஃப்ரெண்ட் வேலை பாக்குற இடத்துல ஃபைனான்ஸுக்கு கீழ வெச்சிருக்காங்க, அங்க பிஎம்ஓன்னா டைம்ஷீட் போலீஸ், வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனா ரிமைண்டர் மெயில், அதத் தவிர அவனுக்கு பிஎம்ஓவ பத்தி ஒண்ணும் தெரியாது.

கன்சல்டன்ட் காலத்துக்கு 1, மேடம் வந்ததுக்கு அப்புறம் 4½ குடுக்கலாம், ரெண்டையும் நானே அனுபவிச்சதால சராசரி இல்லாம கொஞ்சம் தாராளமா 3½. அடுத்த குவார்ட்டர்ல இருந்து எங்களோடதையும் ஃபைனான்ஸுக்கு கீழ கொண்டு போறதா ஒரு பேச்சு அடிபடுது, மேடம்கிட்ட கேட்டா "பாப்போம்"னு மட்டும் சொன்னாங்க, டிபிஏ இப்பவே அவரோட சதவீதத்த தனியா ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்க ஆரம்பிச்சிட்டாரு. அது நடந்துட்டா வந்து ஸ்டார குறைச்சிட்டு போறேன்.